கண்ணாடி துடைக்கும் நேரம்

யாருடைய சட்டைக்கோ கையை நாலு விரல் குட்டையாக வெட்டிவிட்ட கணவனோடு தையல்காரி இரண்டு நாளாகப் பேசவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஆவி அவனுடைய தடித்த கண்ணாடியை மூடுகிறது. கழற்றித் துடைத்து, ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறான். மேசைத் துணிமேல் இரண்டு நிழல் வட்டங்கள் விழுகின்றன; விளிம்பில் மட்டும் வெளிச்சம். கண்ணாடிக்குள் மிளகளவாகச் சுருங்கித் தெரிந்த கண்கள் இப்போது பெரிதாக, திருதிருவென்று விழிக்கின்றன. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. எதிரே இருப்பது மனைவியா துணிமூட்டையா என்றே அவனுக்குத் தெரியாது என்கிற தைரியம். அவன் கண்ணாடியை மாட்டியதும் அவள் முகம் பழையபடி உம்மென்று ஆகிவிடுகிறது.

"சிரிச்சியா?"

"நானா? வேலையப் பாருங்க."

அவன் பளிச்சென்றிருக்கும் கண்ணாடியை மறுபடியும் கழற்றி, நிதானமாகத் துடைக்கிறான்.