காயாத தரை

கல்லூரியில் மூன்றாம் வருடம் நாட்டியம் படித்துக்கொண்டிருந்த செங்கமலத்தை, போன வருடம் அவள் அப்பா ஆட்டத்தின் நடுவிலேயே கூட்டிக்கொண்டு போனார். "மாப்பிள்ளைக்கு இப்பத்தான் லீவு கெடச்சிகீது, கெளம்பு." ஆடி முடித்ததும், மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு கைகளாலும் பூமியைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அதற்குக்கூட அவர் விடவில்லை.

இந்த வருடம், 1991-இல், அவள் கணவன் கோதண்டராமன் ஸ்ரீபெரும்புதூரில் வீடு கட்டினான். கூடத்துக்குச் சிமெண்ட் பூசிய மறுநாள் காலை, தரையின் நடுவில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. குதிகால்கள் நெருங்கி, விரல்கள் இரு பக்கமும் வெளியே திரும்பி, நாட்டியத்தின் அரைமண்டியில் நிற்பதுபோல. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. செங்கமலத்துக்கும் அப்படித்தான்.

கொத்தனார் அதன்மேல் மறுபடி பூசினார். மறுநாளும் பாதங்கள் இருந்தன, இன்னும் ஆழமாக.

"பூட்டிக்கினு தானே போனேன்? நீ வந்து மிதிச்சியா?" என்றான் கோதண்டராமன்.

"நீங்களே பாருங்க" என்று, பிள்ளைத்தாய்ச்சியான செங்கமலம் வீங்கிய காலைத் தடத்தில் வைத்தாள். கால் அதற்குள் அடங்கவில்லை.

மூன்றாம் முறையும் பூசிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவள் ஈரத் தரையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குனிந்து இரண்டு கைகளையும் வைத்தால் ஆட்டம் முடிந்துவிடும். கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, நடுவில் தரை மெல்ல அமுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.