கடைசி நெய் ரோஸ்ட்

கோவிந்தராசு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, துண்டால் பாதி முகத்தை மறைத்தபடி அந்த ஹோட்டலுக்குள் நுழைந்தார். வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத மேசையாகத் தேடி, தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

நன்னிலத்தில் இருபது ஏக்கர் சாகுபடி செய்கிற மனிதர் கும்பகோணத்தில் இப்படிப் பதுங்கக் காரணம் அந்த ஹோட்டலின் மாடியில் இருந்தது. அங்கே கிளினிக்கில் டாக்டரம்மா அவரைப் பரிசோதித்து முடித்துவிட்டார். சர்க்கரை, கொழுப்பு இரண்டுமே எகிறிக் கிடந்தன. என்ன சாப்பிடலாம் என்ற சீட்டை வாங்கிவர மனைவி வள்ளியம்மை காத்திருந்தாள்.

அந்தச் சீட்டு அவள் கைக்கு வந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் நெய் ரோஸ்ட் கிடையாது. அதற்குள் கடைசியாக ஒன்று சாப்பிட்டுவிடலாம் என்றுதான், "வெத்தலை வாங்கிட்டு வந்துடறேன்" என்று நழுவியிருந்தார்.

மதியக் கூட்டம் கலைந்து கடை காலியாக இருந்தது. சர்வர் அடைக்கலராஜ், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, தடித்த செல்போன் மாதிரி ஒரு கருவியுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க சார். இன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கு. இதுல ஆர்டர் போட்டா அடுப்படி பிரிண்டர்ல சீட்டு வரணும். ப்ளூடூத்துல ஒரே பேர்ல ரெண்டு பிரிண்டர் காட்டுது, எதுன்னு தெரியல."

"ஏதாவது ஒண்ணத் தொட்டுத் தொலைங்க. எனக்கு நேரமில்ல. நெய் ரோஸ்ட் ஒண்ணு, போண்டா ரெண்டு."

அடைக்கலராஜ் தொட்டார். "கனெக்ட் ஆயிடுச்சு சார்!" என்று முகம் மலர்ந்தார்.

பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியும், தட்டு நிறைய வேகவைத்த சுரைக்காயும் வந்தன. வாயில் வைத்தால், உப்பே இல்லை.

"நான் கேட்டது என்ன, நீங்க கொண்டாந்தது என்ன?"

"நான் சரியாத்தான் சார் போட்டேன், இந்தா பாருங்க." திரையில் நெய் ரோஸ்ட்தான் இருந்தது. "எதுக்கும் இன்னொரு தடவை அனுப்பறேன்."

இந்த முறை வந்தது ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு.

"என்னங்க அநியாயமா இருக்கு!" என்று கோவிந்தராசு கத்த, சமையல்காரர் வீரையன் சீட்டும் கையுமாக வெளியே வந்தார்.

"சீட்டுல வர்றதத்தாங்க குடுப்பேன். வாயில சொல்றதக் கேட்டு எதுவும் செய்யக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. நீங்களே படிச்சுப் பாருங்க."

படித்த கோவிந்தராசுவுக்கு வியர்த்துவிட்டது. 'எண்ணெய் கூடாது. உப்பு கூடாது. போண்டா கூடவே கூடாது.' வள்ளியம்மை எதிரில் நின்று பேசுவது போலவே இருந்தது. போண்டா கேட்டதுவரை தெரிந்திருக்கிறதே! அடுப்படி வரைக்கும் ஆள் வைத்திருக்கிறாள்!

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. வள்ளியம்மைதான். எழுந்து நின்று, பாகற்காய்ச் சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத்தான் எடுத்தார்.

"வள்ளி, தப்புதான்! உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே, இனிமே மறைச்சு என்ன பண்ண? ஹோட்டல்லதான் இருக்கேன். போன வாரம் உரக்கடைக்குன்னு வந்ததும் இங்கதான். துரைராசு வீட்டுத் துக்கத்துக்குப் போன அன்னிக்கும் இங்கதான். இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஹோட்டல்லயா இருக்கீங்க? நல்லதாப் போச்சு, அங்கேயே சாப்பிட்டுருங்க. இத்தன நாளா உங்க வாயக் கட்டிப் போட்டுட்டேனேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. டாக்டரம்மா புது மெஷின்ல, ஒரே பேர்ல ரெண்டு காட்டுதுன்னு ஏதோ ஒண்ணத் தொட்டு, ரெண்டு சீட்டு அடிச்சுக் குடுத்திருக்காங்க. ரெண்டுலயும் நெய் ரோஸ்ட் ஒண்ணு, போண்டா ரெண்டு!"

கோவிந்தராசு கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, கடைசில 'டேபிள் நாலு'ன்னு போட்டிருக்கே, அது எந்த வேளைக்கு?"