நூறாவது கையெழுத்து

"மேடையில மைக் பிடிச்சு என்னைக் கட்சியை விட்டு நீக்கினீங்களே, அந்த ஆளோட கையெழுத்தா இப்ப வேணும்?"

அச்சகக்காரர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். செயலாளருக்குத் தலை நிமிரவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள நூறு உறுப்பினர் படிவம் குடுக்கணும்ணே. இல்லேன்னா கட்சிப் பதிவே ரத்து. தொண்ணூத்தொம்போது தேறிடுச்சு."

விவாகரத்தைச் சுலபமாக்கும் சட்டத்துக்குத் தாய்க்கட்சி கை தூக்கியதும், 'குடும்பம் காப்போம்' என்று கோபித்துக்கொண்டு பிரிந்து வந்த கட்சி. முதல் தேர்தலிலேயே பதினோரு இடம். என்ன கூட்டம், என்ன மாலை! அடுத்ததில் இரண்டு. போன தேர்தலில் டெபாசிட்டும் போச்சு. எதிரிகள் இழுத்த ஆட்களைவிட இவர்களே ஒழுக்கம் பார்த்து நீக்கியவர்கள்தான் அதிகம்.

அச்சகக்காரர் செய்த குற்றம்? புருஷனிடம் அடி வாங்கி வந்த மகளை வீட்டில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புத்தாண்ணே." சொல்லும்போதே செயலாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாம் கட்சிக்காகத்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"அது கிடக்கட்டும்" என்றார் அச்சகக்காரர். "உங்க பொண்ணு எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, மாப்பிள்ளையோட வெளிநாட்டுல ராஜாத்தியா இருக்கா." எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில். தடங்கலில்லாமல் வந்தது.

அச்சகக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த மையைத் துடைத்துவிட்டு, படிவத்தை வாங்கி வாசித்தார்.

"'கணவனைப் பிரிந்து வந்த பெண் எவரும் என் வீட்டில் இல்லை என உறுதி கூறுகிறேன்.' இதுல நான் எப்படிங்க கையெழுத்து போடறது?"

"அதையெல்லாம் யாருண்ணே படிக்கிறாங்க? கண்ணை மூடிட்டுப் போடுங்க. முதல் கையெழுத்தே என்னுதுதான்."

"நீங்க தாராளமா போடலாம். உங்க வீட்டுல யாரும் இல்ல." அச்சகக்காரர் படிவத்தைத் திருப்பி நீட்டினார். "நான் போட்டா பொய்யாயிடும். என் வீட்டுல ஒருத்தி இல்லீங்க, இப்ப ரெண்டு பேர் இருக்காங்க."

"ரெண்டு பேரா? உங்களுக்கு ஒரே பொண்ணுதானே?"

"இன்னொருத்தி, மூணு மாசம் முன்னாடி பெட்டியோட வந்து நின்னப்ப நீங்க வாசல்லயே திருப்பி அனுப்பின பொண்ணு. அப்பா பேரு கெட்டுடும், வெளிய சொல்லிடாதீங்க மாமான்னு அழுதா. அதான் இன்னைக்கு வரைக்கும் நான் வாயைத் திறக்கல."