எண்பத்தேழாம் பக்கம்

நண்பர் கடையில் அரட்டை நீண்டு தாமதமாகிவிட்டது. அந்தக் கோபத்தைக் கணவர் ஆக்ஸிலரேட்டரில் காட்டினார். இறக்கத்தில் கார் பறந்தது.

"ஏங்க, மெதுவாப் போங்க."

"ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

அடுத்த நொடி அவர் முகம் வெளிறியது. "பிரேக் பிடிக்கலை."

கீழே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வேன் குறுக்கே நின்றிருந்தது. அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். கார் வேகமெடுத்தது.

மனைவி கியருக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் P போட்டிருந்த சின்ன சுவிட்சை மேலே இழுத்தாள்.

"அதை விடு. நிறுத்தின வண்டிக்குப் போடற பார்க்கிங் பிரேக் அது."

அவள் விடவில்லை. இழுத்துப் பிடித்தபடியே இருந்தாள். டயர்கள் கிறீச்சிட, வேனுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. டாஷ்போர்டில் சிவப்பு P எரிந்தது.

அவர் எஞ்ஜினை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "விடாம இழுத்துப் பிடிச்சா ஓடற வண்டியும் நிக்கும்னு உனக்கு யார் சொன்னது?"

"கார் புத்தகத்துல போட்டிருக்கு. எண்பத்தேழாம் பக்கம்."

"நானே அதைப் பிரிச்சதில்லையே. நீ எப்போ படிச்சே?"

"'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்'னு என்னை வண்டியிலயே உட்கார வெச்சுட்டுப் போவீங்களே, அப்பல்லாம்தான். இன்னிக்கு நாலாவது தடவையா முடிச்சேன்."