டயருக்குள் தூங்கும் புரட்சி

"இது பொழைக்காது" என்றாள் அக்கா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

தம்பி டீயை உதட்டருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். "யாரு அக்கா?"

"ஆள் இல்லடா, விண்ணப்பம். கம்பெனியும் காலேஜும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணா கவர்மென்ட் பணம் தருதில்ல, அதுக்கு மார்க் போடுறேன். மத்தியானத்துக்குள்ள அனுப்பியாகணும்."

அக்கா பொறியாளர். மதிப்பீட்டாளராக அவளைக் கூப்பிட்டிருப்பது இதுதான் முதல் முறை. "ஒண்ண திருப்பி அனுப்பியும் இன்னும் மலை மாதிரி கெடக்கு" என்று வாரம் முழுக்க அலுத்துக்கொண்டிருந்தாள். திரையை யாருக்கும் காட்டக்கூடாதாம். தம்பிக்கு லேப்டாப்பின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"இத மட்டும் கேளேன். 'தூக்கி எறியும் டயருக்குள் ஒரு தொழிற்புரட்சி தூங்குகிறது.' தூங்குதாம்! எழுப்பி விடுறதுக்கு இவன் என்ன அலாரமா?"

அந்த வரி தம்பிக்கு மனப்பாடம்.

அவனுடைய சின்னப் பட்டறையில் பழைய டயரை அரைத்து, மெஷின்களுக்கு அடியில் வைக்கும் ரப்பர் மெத்தை செய்கிறார்கள். இன்னும் நன்றாக அதிர்வு தாங்கும் மெத்தைக்காக, ஒரு கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து விண்ணப்பித்திருந்தான். எழுதிக் கொடுத்தவர், நகரத்தில் பாதித் தொழில்காரர்களுக்கு எழுதித் தரும் ஆலோசகர். "மொத வரியிலயே விழுந்துடுவாங்க பாருங்க" என்று சொல்லித்தான் கட்டணம் வாங்கினார்.

ரப்பருக்கு இந்த வருஷம் ஒரே ஒரு மானியம். அது கிடைக்காவிட்டால் பட்டறை மூடப்படும். பட்டறை போனால் அதைக் காட்டி இந்த நாட்டில் தங்க அவன் வாங்கிய விசாவும் போகும். பெரிய வாடிக்கையாளர்களை எல்லாம் நகரத்துக்கு வெளியே இருக்கும் ராட்சத டயர்க் கம்பெனி எப்போதோ இழுத்துக்கொண்டுவிட்டது. அக்காவும் தம்பியும் அதற்கு வைத்த பெயர் 'யானை'.

பட்டறையின் நிலைமை தெரிந்தால் அக்கா தன் சேமிப்பை எடுத்து நீட்டுவாள் என்று, விண்ணப்பித்ததையே அவளிடம் மறைத்திருந்தான். எந்த விண்ணப்பம் யாருடையது என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாது என்று ஆலோசகர் அடித்துச் சொல்லியிருந்தார். இப்போது வாயைத் திறந்தால் விண்ணப்பமே செல்லாமல் போய்விடும்.

"என்ன... என்ன குறைக்கா அதுல?"

"பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து செய்யுறோம், சேர்ந்து செய்யுறோம்னு இருக்கு. கம்பெனி எத செய்யும், காலேஜ் எத செய்யும்? ஒரு வரி இல்ல. மத்த ரெண்டு மதிப்பீட்டாளரும் சரின்னுட்டாங்க. நான் வேணாம்னா விழுந்துடும். விழட்டும்."

அவள் விரல் மவுஸுக்குப் போனது.

"இரு அக்கா!" டீ தளும்பி அவன் கையில் கொட்டியது. "நீ அந்தப் பாலம் கட்டுறப்ப யார் யாருக்கு என்ன வேலைன்னு பக்காவா எழுதித்தான வச்சிருந்தீங்க? என்னாச்சு?"

"என்னாச்சு... போல்ட் லூசான அன்னைக்கு, அது எங்க வேலை இல்லன்னு ரெண்டு பக்கமும் கைய விரிச்சுட்டாங்க."

"அதான்க்கா! கோடு கிழிச்சா கோட்டுக்கு அந்தப் பக்கம் எவனும் கால் வைக்க மாட்டான். ரப்பர் அப்படி இல்ல. இங்க வேகவச்சத சூடு ஆறின உடனே அங்க அமுக்கிப் பாக்கணும். அங்க வெடிச்சா இங்க கலவைய மாத்தணும். காலைல இவங்க வேலை, சாயங்காலம் அவங்க வேலையாயிடும். இதப் போய் எப்படிக்கா பாகம் பிரிச்சு எழுதுறது?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயாடா இவனுக்கு வக்காலத்து வாங்குற?"

தம்பி பார்வையை டீக்குத் தாழ்த்தினான். "ரப்பர்காரன் கஷ்டம் ரப்பர்காரனுக்குத்தானக்கா தெரியும்."

அவள் திரைக்குத் திரும்பினாள். முந்தைய பக்கங்களுக்குப் போய் எதையோ படித்தாள், உதட்டைக் கடித்தாள், மறுபடி படித்தாள். தம்பி மேஜையில் சிந்திய டீயைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தான்.

"சோதனையெல்லாம் ஒழுங்காத்தான் பண்ணியிருக்காங்க" என்றாள் கடைசியில். "நான்தான் கொஞ்சம் கோவத்தோட படிச்சுட்டேன் போல. நீயே இப்படிச் சொல்லும்போது நான் யாரு?"

மவுஸ் ஒருமுறை சொடுக்கியது.

"பரிந்துரைன்னு போட்டு அனுப்பிட்டேன். முதல் இடம் இதுக்குத்தான். இனி நானே நினைச்சாலும் மாத்த முடியாது."

தம்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"அக்கா, திட்டாத. இவ்வளவு நேரம் நீ படிச்சது என்னோடதுக்கா."

அக்காவின் முகம் வெளுத்தது. "என்னடா உளர்ற? யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டு மொத நாளே பேரெல்லாம் தனியா ஒரு பட்டியலா அனுப்பினாங்க. உன் பேரப் பாத்ததும் உன்னோடத திருப்பி அனுப்பிட்டேன். அது வேற யார்கிட்டயோ போயிருக்கும்."

"இல்லக்கா, அந்தப் புரட்சி வரி என்னோடதுதான்! ஆலோசகருக்குக் காசு குடுத்து எழுதி வாங்கினது!"

அக்கா லேப்டாப்பை மெல்ல மூடினாள். பட்டியலில் இருந்த இன்னொரு ரப்பர் கம்பெனியின் பெயர் அவளுக்கு நினைவு வந்தது.

"அந்த ஆளுக்கு யானையும் காசு குடுத்திருக்கு போலடா."