நாக்குக்கு அடியில் நூல்

உறைக்குள் நூல் கிடந்தது.

பச்சை நூல். சுண்டுவிரல் நீளம் இருக்கும்.

மின்விசிறிக் காற்றில் உறை எழும்புவதும் அடங்குவதுமாக இருந்தது. மூச்சு விடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் வாயில இருந்ததும்மா. நாக்குக்கு அடியில," என்றார் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர். "பதினோரு வருஷமா வெளியில யாருக்கும் காட்டல. இது என்னன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

முன்பிருந்தவர்கள் இந்த நூலை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டிருக்கிறார்கள். செய்வினையாக இருக்கும் என்று, பாவம், குறி சொல்கிற ஒருவனைப் பிடித்துவந்து நான்கு நாள் உட்கார வைத்தார்களாம். நூலால் நெரித்ததோ என்றுகூட ஒருவர் எழுதி வைத்திருந்தாராம். பின்மண்டையில் அடிபட்டு, கண்மாய்க் கரையில் கிடந்த மனிதரை. இத்தனூண்டு நூலால்.

உறைக்குப் பக்கத்தில், அன்று அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை.

நெஞ்சுக்கு நேராக இருந்த பித்தான் மட்டும் பச்சை நூலில் தைத்திருந்தது.

அதை அவள் இன்றுதான் பார்க்கிறாள். அன்று போர்த்தியிருந்தார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள்.

அன்று காலை, பித்தான் அறுந்த சட்டையை அவர் நீட்டினார். தீப்பெட்டி ஆபீஸ் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று சட்டையை அவர் மேலேயே எறிந்துவிட்டு வேலைக்குப் போக வேனில் ஏறினாள். போலீசில், நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னாள்.

நெஞ்சு திறந்து கிடக்கச் செத்தார். பதினோரு வருஷமாக அவளை அரித்தது அதுதான்.

திறந்து கிடக்கவில்லை. ஒரு கை மூடியிருக்கிறது.

அவளுடைய அம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிருக்கும் துணியை உடம்போடு வைத்துத் தைக்கக் கூடாது. பிணத்துக்குத்தான் அப்படித் தைப்பார்கள். தைத்தே தீர வேண்டுமென்றால் அதே நூலில் ஒரு துண்டு நறுக்கி, போட்டிருப்பவர் நாக்குக்கு அடியில் கொடுத்துவிட வேண்டும். வாயில் எச்சில் ஊறுகிறது, ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று எமனுக்குத் தெரிய வேண்டுமாம். ஊரில் வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து கிடையாது.

அம்மா எப்போதோ போய்விட்டாள். இதைச் செய்யக்கூடியவர்கள் இரண்டே பேர்.

அவள். அவள் தங்கை சீனியம்மா.

சீனியம்மா அப்போது பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பாவாடைகள்.

அறை மெல்ல நகர்ந்தது. மேசை நகர்ந்தது. அது ஒரு மதியமாகிவிட்டது.

ஜன்னல் வெயிலில் அவர் நிற்கிறார். முகவாயைத் தூக்கிக்கொண்டு, அசையாமல். வாயில் நூல் இருப்பதால் பேச முடியவில்லை. மூக்கால் சிரிக்கிறார். சீனியம்மா நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊசி போகிறது. வருகிறது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. அவர் செத்த அன்றுகூட இப்படி வலிக்கவில்லை. சொல்ல வெட்கம்தான்.

கொல்ல நினைப்பவள் நூல் கொடுப்பாளா? மாட்டாள். இவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்த கை அது. ஆனால் போலீசுக்கு அதெல்லாம் எங்கே விளங்கும்? கடைசியாகக் கூட இருந்தவள் என்று சீனியம்மாவைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவார்கள்.

அவள் மகளைத் தூக்கி வளர்த்தவள் சீனியம்மா. இன்றைக்கும் ஒரே வீடு, ஒரே பாய். அன்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா புருஷனுக்காக இப்படியும் ஒருத்தி அழுவாளா என்று தெருவே மெச்சியது.

"அம்மா?"

"நான்தான் சார் தச்சேன்."

வழக்கத்தையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் உறையை ஓரமாக நகர்த்தினார். பிறகு பழைய காகிதங்களைப் புரட்டினார்.

"அவர் தூங்கிட்டிருந்தார்னு சொல்லியிருக்கீங்களேம்மா."

"பொய் சொன்னேன்."

"சரி. காலையில தச்சீங்கன்னே வச்சுக்குவோம். மத்தியானம் சோறு சாப்பிட்டிருக்காரு. நாலு மணிக்கு மேலதான் இறந்திருக்காரு. அதுவரைக்கும் நூலு வாயிலயா இருந்துச்சு?"

குரலில் கோபம் இல்லை. தெரியவில்லை என்று சொல்லி எழுந்து போக அவர் வழிவிட்டது அவளுக்குப் புரிந்தது. இன்னொரு பெயரைச் சொல்லவும் அது வழிதான்.

"மத்தியானமே வந்துட்டேன் சார். அன்னைக்கு அரை நாள்தான் வேலை பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கடைசியா அவரோட இருந்தது நீங்கன்னு ஆயிரும்."

"எழுதுங்க."

வெயிலில் நடந்து வந்ததிலிருந்து ஆரம்பித்தாள். கதவைத் தட்டினேன், அவர் திறந்தார். கழற்றிக் கொடுங்க என்றேன், மாட்டேன் என்றார். நூலைக் கொடுத்ததும் மூக்கால் சிரித்தார். ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது தனக்கே நடந்ததாக இருந்தது அவளுக்கு.

நூலை நறுக்கிய கத்தரிக்கோல் அப்போது எங்கே இருந்தது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கத்தரிக்கோல் இல்ல சார். நெஞ்சுகிட்ட குனிஞ்சு, பல்லாலதான் கடிச்சு அறுத்தேன்."

பேனா நின்றது.

"அதையும் எழுதுங்க சார்," என்றாள்.