ஸ்டாக் இல்லை

"கம்ப்யூட்டருக்கு ஏழாயிரம் வேகம் உள்ள எஸ்எஸ்டி டிரைவ் வேணும். அதுக்குக் கம்மியா எதையும் காட்டாதீங்க," என்றார் மாப்பிள்ளை.

"ஸ்டாக் இல்ல சார். மூவாயிரத்தி ஐந்நூறுதான் இருக்கு," என்றார் கடைக்காரர்.

பில் போடும் மேஜையில் இருந்த கடைக்காரரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முழங்கைக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள், அதே ஏழாயிரம் மூன்று டப்பா அடுக்கியிருந்தது. நேற்றுதான் அவள் விலைச் சீட்டு ஒட்டினாள்.

"என்னங்க, இங்க..." என்று ஆரம்பித்தாள்.

கடைக்காரர் கையிலிருந்த கேட்லாக்கை அந்தக் கண்ணாடிமேல் விரித்து வைத்துவிட்டு ஒரு முறை முறைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவர் மனைவியின் தங்கைக்கு வீட்டு பிளான் வரையும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் வேலை போய்விடும். பட்ஜெட்டோ சின்னது, இன்னொரு தடவை வாங்க வழியில்லை. அதனால்தான் விஷயம் தெரிந்த மாப்பிள்ளை லிஸ்டும் கையுமாக வந்திருந்தார். மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஏழாயிரம்னா என்ன கணக்குங்க மாப்பிள்ளை?"

"ஒரு செகண்டுக்கு ஏழாயிரம் எம்பி படிக்கும் மாமா. பழைய ஹார்ட் டிஸ்க் நூத்தம்பதைத் தாண்டறதுக்கே மூச்சு வாங்கும்."

"அடேயப்பா," என்றார் மாமனார்.

"டிரைவ் இவ்வளவு வேகம்னா ராம் நாலு ஜிபி போதும் மாமா. டிரைவ்ங்கறது அலமாரி, ராம்ங்கறது மேஜை. அலமாரியில இருந்து சட்டுனு எடுக்க முடியும்னா மேஜை எதுக்குப் பெரிசா?"

மாமனார் தலையாட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்துவிட்டது.

"நாலு ஜிபியும் ஸ்டாக் இல்ல சார். பதினாறுதான் இருக்கு," என்றார் கடைக்காரர்.

டிராயர் நிறைய நாலு ஜிபி கிடந்தது. மனைவி அந்த டிராயரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"சரி, லைட் எரியற கேபினட்?"

"அதுவும் இல்ல சார். சாதாரண கறுப்புதான்."

"அப்போ அது?" மாப்பிள்ளை வாசலைக் காட்டினார். அங்கே ஒரு கேபினட் ஏழு வண்ணத்திலும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அது கடைக்கு அழகா இருக்கட்டும்னு வெச்சது சார். விக்கறதுக்கு இல்ல."

மாமனாருக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"என்னய்யா கடை நடத்தறே? மாப்பிள்ளை பத்து நாள் வீடியோவா பார்த்து எழுதின லிஸ்ட் இது. ஒண்ணுகூட இல்லைன்னா ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதானே?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற கடை பாக்கலாமா மாமா?"

"வேணாம் மாப்பிள்ளை. அலைஞ்சுட்டே இருந்தா, சின்னப் பொண்ணு திங்கக்கிழமை வேலையை ஆரம்பிக்கறதுக்குள்ள எப்போ அசெம்பிள் பண்ணுவீங்க?"

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு பெரிய மனசு பண்ணினார். "சரி விடுங்க, அவரு என்ன செய்வாரு. இருக்கறதை வெச்சு நான் சமாளிச்சுக்கறேன்."

"உங்களால முடியும் மாப்பிள்ளை."

மூவாயிரத்து ஐந்நூறு வேக டிரைவ், பதினாறு ஜிபி ராம், கறுப்பு கேபினட், லிஸ்டில் இருந்த மதர்போர்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இருவரும் வெளியேறினார்கள். கதவு மூடியதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"விக்காம கிடக்கற சரக்கைத் தள்ளி விடத்தானே இவ்வளவு பொய்யும்? அந்தப் பெரியவரைப் பாத்தாலே தெரியுது, ஒண்ணும் தெரியாத அப்பாவி. அவர் பொண்ணு பிழைப்புல மண்ணைப் போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

கடைக்காரர் கேட்லாக்கை மடித்தார்.

கதவு திறந்தது. மாமனார் தனியாக வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

"குடையை மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார் அவர். குடை அவர் கக்கத்திலேயே இருந்தது. "தம்பி, காலையில போன்ல சொன்னதை அப்படியே செஞ்சு குடுத்தீங்க. திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க. கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு."

"ஷட்டர் வரைக்கும் போவீங்கன்னு நான் நினைக்கல சார்."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஸ்டாக் இல்லைன்னு சொல்லச் சொன்னது நீங்களா?"

"ஆமாம்மா. அவர் எழுதியிருந்த போர்டுல ஏழாயிரத்தை மாட்டினாலும் பாதி வேகம்தான் ஓடும். நாலு ஜிபி ராம்ல என் பொண்ணு ஒரு பிளானைத் திறந்தாலே மெஷின் படுத்துக்கும். லைட் எரியற பெட்டிக்குக் குடுக்கற காசு பெரிய ராமுக்கு ஆகும். இருபத்தஞ்சு வருஷம் பேங்க் கம்ப்யூட்டரை எல்லாம் கட்டி மேய்ச்சவன் நான்."

"அப்போ வீட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்? எதுக்கு இந்த நாடகம்?"

பெரியவர் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தார். வெளியே மாப்பிள்ளை ஒவ்வொரு டப்பாவையும் பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமா எங்க வீட்டுக்கு வந்தா நாற்காலி நுனியில உக்காந்து, குடுத்ததைச் சாப்பிட்டுட்டு, போயிட்டு வரேன்னு கிளம்பிடுவாரும்மா. போன வாரம்தான் முதல் தடவையா, 'நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரை நான் பாத்துக்கறேன் மாமா'ன்னாரு. நம்ம வீடுன்னு அவர் வாயால வந்தப்புறம், எனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னம்மா தெரியும்?"